ஒரு பவுண்

கஸ்தூரியார் வீதிக் கடைக்கு
வாளோடு ரெண்டுபேர் வந்துபோன பிறகு
இவர் துவக்குக்கு எழுதிப்போட்டார்.
ஏழாம் மாதம் கடிதம் வந்தது:
பிஸ்ரல் ஒன்று வைத்திருக்கலாம்,
எந்த அளவென்று நிரப்பி அனுப்பவும்.

அன்றிரவிலிருந்து சாப்பாட்டு மேசையில்
முப்பத்திரண்டு, முப்பத்தெட்டு, ஒன்பது.
மகளுக்கு மாப்பிள்ளை வயது பார்க்கிறோமென்று
பக்கத்துவீட்டு இராசமலர் நினைத்தாளாம்.
ஒன்பதில்தான் குழம்பிப்போனாளாம்.

கொழும்பு ஆள் போனில் கிரெயின் சொல்ல
இவர் பில் புத்தகத்தின் பின்பக்கம்
பெருக்கிப் பிரித்துப் பவுணாக்கினார்.
"முப்பத்திரண்டு, அரைப் பவுணுக்குக் கொஞ்சம் மேல.
மடியில தெரியாது. ஆனா
வெறிகாரன் அதுக்கு நிப்பானோ தெரியாது.
முப்பத்தெட்டு, ஒண்டேகால் பவுண்.
சிக்காது, எண்டாலும் அஞ்சே அஞ்சு வெடி.
ஒன்பது மில்லிமீற்றர்
சரியா ஒரு பவுண், பார்."
தாலிக்கொடி செய்ய வந்தவளுக்குச் சொல்லும்
அதே குரல்.

கடையின் நடுவில் பலகைத் தட்டி.
தட்டிக்கு அங்கால் கல் பதிக்கும் வரோதயன்.
அவனுக்கும் அங்கால் ஒழுங்கை,
ரியூசன் விட்டு வரும் சைக்கிள்கள்.
ஒன்பது எதுவரை போகும் என்று கேட்டேன்.
"வேற குண்டு இருக்காம்.
உள்ள போய் விரிஞ்சு நிண்டிடுமாம்."
எதற்குள் என்று அவர் சொல்லவில்லை.

நல்லூருக்கு எப்பிடிப் போவியள் என்றேன்.
சேட்டைக் கழற்றி, வெறும் வேட்டியோடு
எந்த அளவை எங்கே செருகுவது?
யோசித்தார்.
வெள்ளிக்கிழமையில் பெட்டகத்துக்குள் வைப்பாராம்.
அப்ப கள்ளன் வெள்ளிக்கிழமை வரட்டும் என்றேன்.
சிரிக்கவில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து
நகை உறையில் கிடந்ததை எடுத்துவந்தேன்.
பதினாறு வயதில் என் இடுப்பிலிருந்து எடுத்து
மானிப்பாயில் டொக்டர்
பஞ்சில் சுற்றித் தந்தது.
நான் கொண்டுவந்த சீதனத்தில்
இவர் நிறுத்துப் பாராத ஒரே சாமான்.

தராசில் வைத்து
கண்ணாடிக் கதவை மூடினார்.
இலக்கம் ஆடி ஆடி நின்றது:
ஏழு தசம் ஆறு.
"இது நீளத் துவக்கின்ர.
இதுவும் ஒரு பவுண்தான் இருந்திருக்கும்.
சைபர் தசம் நாலு..."
பழக்கத்தில் வாய் தவறி
"சேதாரம்" என்றார்.

அந்த நாலு வெளியே வரவேயில்லை.
மாரியில் நான் இடப்பக்கம் சரிந்து நடப்பதை
இருபத்துநாலு வருசம் பார்த்தவர்.

கடிதம் மேசையில் கிடக்கிறது,
மேலே தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
அளவு என்ற இடம் நிரப்பவில்லை.
கடைசித் திகதி பதினெட்டு.

தராசை நான்தான் துடைத்துவைத்தேன்.