புள்ளிக்கோடு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் எங்கள் கூட்டம்.
கிரிம்ஸ்பியில், மீன் ஏலக் கூடத்துக்குப் பின்தெருவில்,
மதுக்கடையின் மாடியறை.
வாடகை கிடையாது. ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கினால் போதும்.

இன்று மேசைமேல் மூன்றாம் தொகுதி.
கெட்டி அட்டை, தைத்த முதுகு.
இரண்டே முக்கால் கிலோ என்கிறான் நார்மன் பிக்ரில்,
காட் மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தானாம்.
வாரம் நாலரைப் பென்னிக்கு
பேப்பர் பையனின் சைக்கிளில் நனைந்து வந்த தாள்
இப்போது நாற்பத்தைந்து பவுண்டு.
பிரிக்காமல் வைக்க ஒன்று, படிக்க ஒன்று என்று
லயனல் இரண்டு வாங்கியிருக்கிறான்.
அவன் மனைவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

செவ்வாயன்று செவ்வாயைப் பற்றியே முதல் சண்டை.
பழைய இதழில் அந்தக் கிரகத்தின் வானம்
பீட்ரூட் வெந்த தண்ணீரின் நிறம்.
புதுப் பதிப்பில் கணினி அலசித் துவைத்து
குளியல் சோப்பாக்கிவிட்டது.
"மை கசியும் என்று தெரிந்தேதான் வரைந்தார்கள்,"
கிளெனிஸ் திரெல்ஃபால் மேசையைத் தட்டுகிறாள்.
"எனக்குக் கண் எரியாமல் படிக்க முடிகிறது,"
லயனல் அவளைப் பார்க்காமல் சொல்கிறான்.
இரட்டைப் பக்கப் படத்தில்
விண்கப்பலின் நடுப்பகுதி முழுக்க
தையல் மடிப்புக்குள் விழுந்து காணாமல் போனதில் மட்டும்
எங்களுக்குள் ஒற்றுமை.

பிறகு பக்கம் இருநூற்றுப் பதினான்கு.

கீழே, வலது மூலை.
விமானி வேரா டாலிஸ் திரும்பிப் பார்க்கும் கட்டம்.
அடுத்த வாரம் முதல் அவள் கதையில் இல்லை.
யாரும் காரணம் சொல்லவில்லை, அப்போதும், பின்னாலும்.
அந்தக் கட்டம் மட்டும் வேறு கை.
மூக்கு கூர்மை. தோள் பொம்மைத் தோள்.
பேச்சுக்குமிழியில்: "விடைபெறுகிறேன், நண்பர்களே."
"வேராவா? நண்பர்களேயா?"
கிளெனிஸுக்குச் சிரிப்பும் வரவில்லை.
அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு:
கிடைத்த ஒரே பிரதியில் இக்கட்டம் வெட்டப்பட்டிருந்தது;
மீள வரைந்திருக்கிறோம்.

அவள் சொன்னது "கதவைச் சாத்து" என்கிறான் நார்மன்.
"எனக்காகக் காத்திருக்காதீர்கள்," இது லயனல்.
ஒன்றுமே சொல்லவில்லை,
உதட்டைக் கடித்திருந்தாள், அவ்வளவே என்று கிளெனிஸ்
சத்தியம் செய்கிறாள்.
"எந்தக் கடங்காரன் வெட்டினானோ,
அவன் கை அழுகட்டும்."

நான் கிளாஸைக் கீழே வைக்கிறேன்.

பதிப்பகத்துக்கு மூன்று பெட்டி இதழ் அனுப்பியவன் நான்.
நன்றிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது,
ஓர் எழுத்து பிழையாக.
கத்தரி அக்காவுடையது, துணி வெட்டுவது.
பின்பக்கம் கூப்பன்: விண்படைச் சின்னம்,
இரண்டு ஷில்லிங் போஸ்டல் ஆர்டருடன்
கிராய்டனுக்கு அனுப்புக, இருபத்தெட்டு நாள் பொறுக்க.
பொறுத்தேன்.
வந்ததை ஒருநாள் காலை பள்ளிக்குக் குத்திப்போய்
மதியச் சாப்பாட்டுக்குள் கழற்றிவிட்டேன்.

திருப்பிப் பார்க்காமல் வெட்டினேன் என்றால்
அது பொய். பார்த்தேன். அவள் முகம் இருந்தது.
புள்ளிக்கோடு அவள் கழுத்தில் ஏறும் என்று தெரியும்.

சொல்லி முடித்தபின்
கீழே ஜூக்பாக்ஸ் மட்டும்.
கிளெனிஸ் நாற்காலியை என் பக்கம் இழுக்கிறாள்.
"சரி. கடைசியாகப் பார்த்தவன் நீ.
அவள் என்னதான் சொன்னாள்?"

கத்தரியின் குளிர் நினைவிருக்கிறது.
இரும்பில் ஒட்டியிருந்த நீல நூல்கூட.
சொல் இல்லை.

கிராய்டனில் ஒருத்தி உறைகளைக் கிழித்திருப்பாள்,
என் விலாசத்தை நகலெடுத்துவிட்டுத் தாளைக் கூடையில் போட்டிருப்பாள்.
என்னைப் போல எத்தனை பையன்கள்.
கூடை நிறைய வேராக்கள்,
ஒவ்வொருத்தியும் அதே ஒரு வாக்கியத்தோடு.

"ஆக," என்று நார்மன் எழுந்து
காலிக் கிளாஸ்கள் நான்கையும்
என் முன்னால் வரிசையாக வைக்கிறான்.