செல்லாத நடை

ஜனவரி மூன்றாம் வாரம்
ஏழு கோரிக்கைகள் திரும்பி வந்தன.
ஏழும் ஆறு நிமிட நடைப் பரிசோதனை.
காரணப் பத்தியில் ஒரே வரி:
இந்தத் தேதியில் இப்படி ஓர் எண் இல்லை.

தொண்ணூற்று நான்காயிரத்து அறுநூற்று இருபது.
ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்,
நுரையீரல் ஒத்துழைத்தால்.
பதினோரு வருடம் என் விரல்கள்
பார்க்காமலே அடித்த எண்.
டிசம்பர் கடைசி நள்ளிரவில்,
லெவைசா ஆற்றங்கரையில் யாரோ வாணம் விட்டுக்கொண்டிருந்தபோது
செத்துப்போயிருக்கிறது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
புதுப் புத்தகம் சொல்லியிருக்கும்.
அதை வாங்க ஏப்ரல் வரை பொறு என்றார் ஹார்லன்.
"எண்தானே வெர்னா, கெட்டா போகும்?"

பாலைப்போலக் கெடாது. நாறாது.
செல்லாக்காசைப்போல
அப்படியேதான் இருக்கும்,
கல்லாவில் நீட்டும்வரை.

டெல்மர் ராட்லிஃப் பில்லோடு வந்தார்.
வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு சரிவு, ஒரு கதவு,
பிறகு என் ஜன்னல்வரை நாற்பது அடி தாழ்வாரம்.
ஆக்சிஜன் உருளையின் சக்கரம்
கதவு விளிம்பில் இடறி நின்றது.
அவரும் நின்றார்.
பேச்சு வரும்வரை காத்திருந்தேன்.

"நான் நடக்கவே இல்லை
என்கிறார்களா அம்மணி?"

"நடந்தீர்கள்."
கோப்பைத் திருப்பிக் காட்டினேன். ரோடாவின் கையெழுத்து.
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
சுவரைப் பிடித்து இரண்டு முறை நின்றார்.
செறிவு எண்பத்து நான்கு.
நான்காம் நிமிடத்தில் ஒரு ஜோக் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

கடைசி வரிக்கு
எந்த வருடப் புத்தகத்திலும் எண் கிடையாது.

"அப்புறம் எதற்கு இந்தப் பணம்?"
"நீங்கள் நடந்தது சரி.
நான் எழுதியதுதான் தப்பு."
அதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருந்தது.

இருபதை அழித்துப் பதினெட்டு போட்டேன்.
அவ்வளவுதான் வித்தியாசம்
நடந்த மனிதனுக்கும் நடக்காத மனிதனுக்கும்.

கோப்பு திறந்தே கிடந்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது.
நோயின் பெயர் எழுதும் இடத்தில்
நாட்பட்ட நுரையீரல் நோய், வகை குறிப்பிடவில்லை.
முப்பத்தொரு வருடம்
நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் கரி வெட்டியவர்.
எக்ஸ்ரே அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
இந்தப் பள்ளத்தாக்கில் நாய்க்கும் தெரியும்.
ஆனால் மருத்துவர் எழுதியதற்குத்தான் நான் எண் போடலாம்,
எனக்குத் தெரிந்ததற்கு அல்ல.
அந்த வேலியை நான் தாண்டியதில்லை.
இன்று தாண்டினால் நாளை ஒருவர் வந்து
இல்லாத நோய்க்கும் எண் போடச் சொல்வார்.

கேள்விச் சீட்டு அனுப்பினேன்:
டாக்டர் கெண்ட்ரிக், எந்தத் தூசி?

தாழ்வாரத்திலேயே மடக்கினார்.
"மருந்து அதேதான். இன்ஹேலர் அதேதான்.
எண்ணை மாற்றினால் மூச்சு வந்துவிடுமா?"

வராது.
ஆனால் ஜே அறுபது என்று போட்டால்
எங்கோ ஒரு மேஜையில் யாரோ கூட்டும்போது
ஒன்று கூடும்.
போடாவிட்டால்
இத்தனை பேர் எதனாலோ மூச்சிரைத்தார்கள் என்று மட்டும் நிற்கும்.
கரி
கையைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இதில் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.
சீட்டை நீட்டியபடி நின்றேன்.
வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை என் காசில் புத்தகம் வாங்கினேன்.
நாட்காட்டியில் அக்டோபர் ஒன்றை வட்டமிட்டேன்,
நோய்களின் எண் மாறும் நாள்.
ஹார்லன் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்றார்.

வெள்ளிக்கிழமை சீட்டு திரும்பி வந்தது.
ஒரே சொல்: கரித்தூசி.
கீழே கையெழுத்து.
அதன் கீழே தேதி. போன வருடத்துத் தேதி.
ஜனவரியில் எல்லார் கையும் அப்படித்தான்.

எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தேன்.
நாற்பது அடி.
பதினோரு வினாடி.