தகட்டுக்கு ஆறு புள்ளி

கேள்வி பதினேழு:
கூரை எதனால் ஆனது?

ஓலைக்குச் சுழி.
தார்ப்பாய்க்கு ஒன்று.
துத்தநாகத் தகட்டுக்கு ஆறு.
புள்ளி ஏற ஏற
வரைபடத்தில் சிவப்பு வெளுக்கும்,
அரிசி மூட்டை அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

மெத்துஜே முகாம், மூன்றாவது வரிசை.
மரவள்ளி மாவு அப்பிய கையோடு
அன்ஷியா அமாதே திருப்பிக் கேட்டாள்:
"எந்தக் கூரை?"

நங்குவேயில் இருந்தது ஓலை, அது எரிந்தது.
இப்போது மேலே கிடப்பது தார்ப்பாய்,
ஏதோ ஒரு நாட்டின் பெயர் அதில் தலைகீழாக.
தகடும் ஒன்று உண்டு.
அது இன்னும் கூரை ஆகவில்லை.
ஈரம் ஏறாமலிருக்கப்
பிள்ளைகள் அதன்மேல் தூங்குகிறார்கள்.
புரண்டு படுத்தால்
இடி உருள்வதுபோல் ஒரு சத்தம்;
பக்கத்துக் கூடாரம் விழித்துக்கொள்ளும்,
அந்தச் சத்தத்தை வேறெதுவோ என்று எண்ணி.

படகுக்காரன் தகட்டுக்கும்
ஓர் ஆள் கூலி கேட்டானாம்.
இருந்த காசு ஐந்து பேருக்கு.
அவள், மூன்று பிள்ளைகள்,
பிறகு ஒன்று தகடு, அல்லது புருஷன்.
"நான் நடந்து வந்துவிடுவேன்,
தகட்டுக்குக் கால் இல்லை" என்றானாம் சலீமோ.

கேள்வி நான்கு: குடும்பத் தலைவர்?
"நடந்துகொண்டிருக்கிறார்."
எத்தனை நாளாக?
"பதினான்கு மாதம்."

உயிரோடு, இறந்து, பிரிந்து, தெரியாது:
நான்கு கட்டங்கள்தான் என்னிடம்.
விரலை மேலேயே வைத்திருந்தேன்.
திரை மங்கி அணைந்தது.

*

பெம்பா அலுவலகத்தில்
மின்விசிறிக்குக் கீழே விரிகிறது மாகாணம்.
நாங்கள் போக முடியாத ஊர்களுக்கு
வானத்திலிருந்து கண் போகிறது.
இரவில் எங்கே வெளிச்சமோ
அங்கே வசதி என்று
எங்கோ யாரோ எழுதிய சூத்திரம்.

நங்குவே பச்சை.
அடர்பச்சை.
நான் இரண்டு முறை பார்த்தேன்.

கடலோரம் வாயு எரிகிறது, இரவெல்லாம்,
ஒரு தீ நாக்கு.
அதன் வெளிச்சம் ஆற்றைத் தாண்டி விழுந்து
கரிந்த சுவர்களைச் செல்வம் என்று எண்ணுகிறது.
ஆளே இல்லாத ஊர்
வறுமைக் கோட்டுக்கு மேலே
சுகமாக இருக்கிறது.

அதற்கு மேற்கே சாம்பல் நிறம்:
தரவு இல்லை.
என் அம்மாவின் சோளக்காடு அங்கே.
கஸ்தோதியுவிடம் சொல்லவில்லை.
அவன் ஊரும் சாம்பல்தான்,
அவனும் சொன்னதில்லை.

*

தகட்டை எங்கே எழுதுவது?
கேள்வி பதினெட்டு, தரை:
"மற்றவை" தொட்டு, தகடு என்று எழுதினேன்.
மாலையில் கஸ்தோதியு கூப்பிட்டான்.
"தரை எப்படித் தகடாகும், குடித்திருந்தாயா?"
நான் பதில் தேடுவதற்குள்
இயந்திரம் தானே திருத்திவிட்டது: மண்.
மண்ணுக்குச் சுழி.
அன்ஷியாவுக்கு அரிசி வந்தது அந்தப் பிழையால்.
அடுத்த கூடாரத்து ரெஹேமாவுக்கு வரவில்லை.
அவளிடம் ஒரு வானொலி இருந்தது;
ஓடுகிறதா என்று படிவம் கேட்கவில்லை.

*

அன்று கிளம்பும்போது
"என் வீட்டைக் காட்டு" என்றாள் அன்ஷியா.
காட்டினேன். பச்சைக்கு நடுவே
ஒரு கடுகு.

நெருங்கிப் பார்க்கக் கட்டைவிரலை வைத்தாள்.
விரலில் ஈர மாவு.
திரை வழுக்கியது,
ஊர் வழுக்கியது, ஆறு, சாலை,
சோதனைச் சாவடிகள், எல்லாம்
இடப்பக்கம் ஓடி மறைய
மீந்தது கடல் மட்டும்,
நீலம், ஒரு பெயரும் இல்லாமல்.

மன்னிப்புக் கேட்டபடி இழுத்துத் திருத்தப் போனேன்.

"விடு" என்றாள்.
"நான்கு நாள் அங்கேயும் இருந்தோம்."

பிறகு
நீலத்தின்மேல் காய்ந்த மாவை
முந்தானையால் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே
கரை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.