சுமைக் கட்டணம்

வேர் சுத்தம் பண்ணியாச்சு அண்ணாச்சி,
இனி வலிக்காது, ஆனால் உடையும்;
மேலே கேப் போடணும் என்றார்
பாளையங்கோட்டை டாக்டர் ஜெபக்கனி.

சுற்றிலும் அராவி முடித்ததும்
நாக்கு போய்த் தொட்டது:
பனங்கிழங்கு நுனிபோல் ஒரு குச்சி.
மாவைக் கடிக்கவைத்து அச்செடுத்தார்.
நிற அட்டையை உதட்டோரம் பிடித்து
"டீ கூடுதலோ?"
வெள்ளைக்கு மூன்று படி கீழே குறித்தார்.

பத்து நாள் தற்காலிக மூடி.
விசிலை இடது கடைவாய்க்கு மாற்றினேன்.
வள்ளியூரில் இருமுறை வெறுங்காற்று.
டிரைவர் சங்கிலிபூதம் திரும்பினான்:
என்னவே, போகவா நிக்கவா?

வியாழக்கிழமை நாகர்கோவில் ஸ்டாண்டில்
லேப் பையன் ஒருவன்
தீப்பெட்டி அளவு டப்பா நீட்டினான்.
பாளையங்கோட்டையில் ஆள் வந்து வாங்கிக்கிடுவாவ, பத்திரம்.
சுமைக் கட்டணம் வாங்கிச் சீட்டுக் கிழித்த பிறகுதான்
டப்பாமேல் ஒட்டியிருந்ததைப் படித்தேன்:
என் பெயர். கீழ்த்தாடை, வலது, ஆறாவது.

ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ் ஒருபக்கம் சாய்ந்தது.
சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே
பாக்கிச் சில்லறை கொடுத்தேன்.

நீலத்தாளைக் கடி, தேய்ப்பு, மறுபடி கடி;
பசை இறுகும்வரை பஞ்சு.
கொஞ்சநாள் அந்நியமாத் தெரியும்,
ஈறோரம் ஒழுங்காத் தேய்ச்சா
பத்துப் பதினைஞ்சு வருஷம் ஓடும்.
எனக்கு ரிட்டையர்மென்ட் ஒன்பதில்.

இன்று காவல்கிணறு விலக்கில்
வலப்பக்கம் வைத்து ஊதினேன்.
பிளாஸ்டிக் பீங்கானில் மோதிய சின்ன டிக்
எனக்கு மட்டும்.
சங்கிலிபூதம் கியரை மாற்றினான்.