ஐந்தை விட்டது

ஏழோடு நிற்காதே, மேலே எண்ணு.
எட்டு, புறப்பட்ட வீடுதான்.
ஒன்பது, மாடியேறிய இரண்டு.
பதின்மூன்று, மாடியேறிய ஆறு;
கீழே பழகின முகம்,
மேலே நின்று எட்டிப் பார்க்கையில்
கொஞ்சம் வேறு ஆள்.

பாசையூர்க் கோயில் மண்டபம், ஆறரை மணி.
வலை காய்கிற மணம் யன்னலால் வருகிறது.
காணிக்கைப் பாட்டின் மூன்றாம் வரிக்கு
வெறும் ஜி ஏழு போதும் என்றார்கள்.
எனக்குப் போதவில்லை.

கணக்கு இடிக்கிறது:
அடுக்கினால் சுரம் ஏழு,
தந்தி ஆறு, விரல் நாலு.
யாரையாவது விட வேண்டும்.
மூன்றை விட்டால் சிரிப்பா அழுகையா தெரியாது.
ஏழை விட்டால் அதற்கு எங்கும் போகத் தோன்றாது.
பதினொன்று மூன்றோடு வாசலில் முட்டிக்கொள்ளும்,
அதை முதலிலேயே அனுப்பியாயிற்று.
"ஐஞ்சை விடு," என்றான் யூட்நிமலன்,
பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியைத் துடைத்தபடி.
"இருந்தாலும் ஒண்டு, இல்லாட்டிலும் ஒண்டு.
ஒருத்தரும் தேடமாட்டினம்."

வீட்டில் நான் ஐந்தாவது.
மடுவுக்குப் போன வான்
முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கிய என்னை விட்டுவிட்டு ஓடியது;
மாங்குளத்தில்தான் தலை எண்ணினார்கள்.
அவனுக்கு இதைச் சொல்லவில்லை.

ஆறாம் தந்தியில் சுட்டுவிரல், மூன்றாம் கட்டம்.
அதன் நுனியே ஐந்தாம் தந்தியின் வாயைப் பொத்துகிறது.
நடுவிரல் நான்காம் தந்தியில், அதே கட்டம்.
மோதிரவிரல் ஒன்று தள்ளி.
சுண்டுவிரல் கடைசி இரண்டின் மேலும்
சப்பையாய்ப் படுத்துக்கிடக்கிறது;
நெளிந்தால் ஒன்பது செத்தது.

அடித்தேன்.
ஈரக் கயிறு இழுபட்டு நிற்கிற சத்தம்,
கை விட்டால் வள்ளம் போய்விடும்.

கரண்ட் போனது.
யூட்நிமலனின் தந்தி ஆடியது, குரலில்லை.
எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தபடி
அடுத்த சி-க்காக நிற்கிறார்கள்.

இருட்டில் விரலை மாற்றினேன்.
சுட்டுவிரலை முழுக்கக் கிடத்தி,
நடுவிரலை மூன்றாம் தந்திக்கு நகர்த்தி,
மோதிரவிரலை இழுத்து நீட்டி
ஐந்தாம் தந்தி, ஐந்தாம் கட்டம்.
மணிக்கட்டு நொந்தது.
பெரிதாக ஒன்றும் மாறவில்லை.
வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தடிப்பு,
சாப்பிட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி.

"என்ன செய்தனீ இப்ப?"
"ஒண்டும் இல்லை."

பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள்.
சி வரும்.
இதை இன்னும் ஒருக்கால் அடித்துவிட்டு.