காலாவதிக்கு ஒன்பது நாள்

சனிக்கிழமை இரவு, லிங்கராஜபுரம்,
மூன்றாம் மாடி வைஃபையில்
விரலால் ஒரு பெட்டி வரைந்தேன்.
மேலே பனசங்கரி, கீழே ஹாரோஹள்ளி,
இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு மலை.
நூற்றுப் பதினான்கு மெகாபைட்.
இடம் போதவில்லை என்றது போன்.

இடம் பண்ண வேண்டும்.
தாமரை மேல் எழுதிய காலை வணக்கங்கள் போயின.
ஆதார் அட்டையின் எட்டு நகல்கள்.
பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தரமாட்டார் என்பதற்கு
நான் பதிந்து வைத்திருந்த சாட்சியங்கள் பதினொன்று.
அந்தப் பணம் இனி வராது என்பது
அழித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிறு காலை இவாஞ்சலின் வந்தாள்,
வீட்டில் சர்ச் என்று சொல்லிவிட்டு
சர்ச்சுக்குப் போடும் செருப்போடு.
பின் சீட்டில் அவள், அவள் கையில் வரைபடம்.
"இடது" என்பாள்
இடது போன பிறகு.

கக்கலிபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
நீலப் புள்ளி மட்டும்
யாரையும் கேட்காமல் கூடவே வந்தது.
வானத்தில் எங்கோ சுற்றுகிற ஒன்றுக்கு
எங்களைத் தெரிந்திருந்தது.
ஆபீசுக்குத் தெரியவில்லை.
அதற்காகவே இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போகலாம்.

ஹுணசெக்கெரே என்றொரு நீலத் திட்டு,
அவரைக்கொட்டை வடிவில்.
அதன் கரையில் இட்லி தின்பதாகத் திட்டம்.
தார் முடிந்தது, மண் ரோடும் முடிந்தது,
வண்டியை நிறுத்தி நடந்தோம்.
முந்நூறு மீட்டர். நூறு.
பிறகு இவாஞ்சலின் போனைத் திருப்பிக் காட்டினாள்.
நட்டநடு ஏரியில் நிற்கிறோம்.

சுற்றிலும் செம்மண், சுண்ணாம்புக் கோடுகள்,
முழங்கால் உயரக் கற்களில் எண்கள்:
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
எங்கள் புள்ளி ஆழத்தில் அசையாமல் கிடந்தது.
எனக்கு நீந்தத் தெரியாது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. குனிந்து
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தகரக் கொட்டகையிலிருந்து காவல்காரப் பையன் வந்தான்,
பிப்லப், ஊர் சில்சார், வந்து நான்கு மாதம்.
கெரே எங்கே என்று கேட்டோம்
மூவருக்கும் அரைகுறையான இந்தியில்.
யோசித்துவிட்டு
கறுப்பு பிளாஸ்டிக் டேங்கைக் காட்டினான்.
செவ்வாயும் வெள்ளியும் லாரி வருமாம்,
வேண்டுமானால் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாமாம்.

நாற்பத்தொன்றாம் கல்லின் மேல்
ஒரு மீன்கொத்தி.
அதுவும் பழையதைத்தான்
இறக்கி வைத்திருக்கிறது போல.

முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே
பேப்பர் விரித்து
மூவரும் சாப்பிட்டோம். சட்னி லேசாகப் புளித்திருந்தது.
பிப்லப் இரண்டு இட்லியை
மத்தியானத்துக்கு என்று மடித்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் இவாஞ்சலின்
இடதும் சொல்லவில்லை, வலதும் சொல்லவில்லை.
யாருடைய ராகி வயலிலோ போய் நின்றோம்.
பெட்டியின் விளிம்பு அது.
அதற்கப்பால் போனில் வெறும் கட்டங்கள்,
வெளியில் நல்ல வெயில், ஒரு கழுதை.

இன்று செய்தி வந்திருக்கிறது:
உங்கள் வரைபடம் ஒன்பது நாளில் காலாவதியாகும்.
புதுப்பிக்கவா?
இந்நேரம் அந்தத் திட்டு சாம்பல் நிறமாகியிருக்கும்,
குறுக்குத் தெருக்களுக்குப் பெயர் வந்திருக்கும்.
நூற்றுப் பதினான்கு மெகாபைட்டில்
தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை.

"பிறகு" என்பதை அழுத்தினேன்.
நாளைக்கும் கேட்கும்.