இருபதின் மடங்கு

ஒன்றாம் தேதி நள்ளிரவு தாண்டியதும்
அட்டையில் பணம் விழும்.
லோர்னா ஹௌகன் தூங்கவில்லை.

டுலூத்தில் ஏரி உறைந்து ஒரு வாரமாகிறது.
கரண்ட் பில் எண்பத்தேழு டாலர் நாற்பத்து மூன்று சென்ட்,
கெடு நாளை சாயங்காலம்.
அரசாங்கம் கொடுத்ததை
இயந்திரம் இருபது இருபதாகத்தான் துப்புகிறது.
எண்பது கைக்கு வந்தது.
மிச்சம் அதன் வயிற்றில்.

பெட்ரோல் பங்க் கடையில்
எதையாவது வாங்கினால்
பாக்கியை ரொக்கமாகத் தருவார்களாம்.
எதை வாங்குவது?
சோப்பை எடுத்தாள், வைத்தாள்.
வரிசையில் பின்னால் நின்றவன் இருமினான்.

பிறந்தநாள் மெழுகுவர்த்தி, ஒரு டாலர் சொச்சம்.
பெட்டியில் இருபத்து நாலு.

பில் கட்டியாயிற்று. ரசீது கோட்டுப்பையில்.
ஆஸ்ட்ரிட்டின் கேக்குக்கு ஏழு போதும்.
மீதிப் பதினேழை
தீப்பெட்டியோடு சேர்த்து
மேல் டிராயரில் வைத்தாள்,
அடுத்த மாதத்துக்கு.